கடலிலிருந்து எண்ணிய வரிசை

ஜூன் 17, செவ்வாய்

விடிய முதலே கச்சான் காற்று. தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. முதலில் ஒரு மன்னிப்பு: தோட்டத்தின் வரலாற்றுக்குக் குறிப்பெடுக்க வாங்கிய கொப்பி இது, பின்பக்கத்தில் என் கதையும் ஏறுகிறது. ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான்.

வேலை இதுதான். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தை, மௌத்தாகி அடக்கமாகிப்போன ஹாஜியாரின் மகள், ஒரு ஹோட்டல்காரருக்கு விற்கிறார். மகள் கொழும்பில் டொக்டர். நான் மிஸ் என்கிறேன். பங்களாச் சுவரில் மாட்ட, தோட்டத்தின் வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம். புவியியல் படித்த பிள்ளை வேலியோரத்து அகதிக் கேம்பில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

உம்மா என்னுடைய நல்ல அபாயாவை ஸ்திரி போட்டு வைத்திருக்கிறா. தோட்டத்துக்குள் நடக்க!

ஜூன் 18, புதன்

மு.ப. மிஸ்ஸோடு தோட்டம் முழுவதும் நடை. குறித்தவை:
– பழைய மரங்கள் கயிறு பிடித்து நட்டவை. வரிசைகள் கடலோரத்துக்குச் சமாந்தரமாக.
– உரிமட்டை புதைத்த குழிகள். ஈரம் நிற்க. இப்போது குப்பை.
– கொப்பரா காயவைத்த கட்டடம். கூரை இல்லை, உள்ளே பப்பாசி மரம்.
– பற்றைக்காடு வெட்டியவர்கள் யார்? மிஸ்ஸுக்குத் தெரியாது. “வாப்பாட வாப்பா வெட்டினார்” என்றார். தனியாகவா வெட்டியிருப்பார்? கேட்கவில்லை.

கேம்ப் ஆட்களின் கதையையும் எழுதலாமா என்று யோசனை. 1990இல் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுத் தோணியில் வந்தவர்கள். உம்மா அப்போது சின்னப்பிள்ளை. ஹாஜியார் வடக்கு வேலியோரம் கொட்டில் போட விட்டார், வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டும் வெட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அதற்குள்ளால் குனிந்து போய்த்தான் தோட்டத்துக் கிணற்றில் குடிதண்ணீர் அள்ளுகிறோம். எங்கள் பக்கம் தோண்டினால் எல்லாம் சவர், உப்புத் தண்ணீர்.

திரும்பும்போது மிஸ் தானாகவே சொன்னார்: “உங்கட ஆக்கள் தண்ணிக்கு வாற வழிய அடைக்க மாட்டன். ஒரு பாதை விட்டுத்தான் விப்பன். எந்த வரிசை எண்டு சொல்லுங்க, காணி அளக்க வாற சேவயருக்குச் சொல்றன்.”

“எட்டாம் வரிசை, மிஸ்.”

இவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து உம்மாவைக் கட்டிப்பிடித்தேன். என்ன பைத்தியமா என்றா.

ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு வெயில். அடுத்த கொட்டில் ஹைருன் மாமி பொட்டுக்குள்ளால் வெறும் கேனோடு திரும்பி வந்தா. வாசலிலிருந்தே சத்தம்.

“எங்கடி உன்ட படிச்ச மகள்? நல்ல படிப்பு. வெள்ளக் குத்தி அடிச்சு எங்கள எல்லாம் மாட்டுக் கிணத்துல கொண்டுபோய்க் கட்டிட்டா!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். சேவயர் பாதைக்கு அடித்த குத்திகள் வேறு வரிசையில். அதன் முடிவிலும் ஒரு கிணறு உண்டு. முன்பு மாடுகளுக்கு வெட்டியது, வாயில் வைக்க முடியாத உவர்.

நின்று எண்ணிய பிறகுதான் விளங்கியது. தோட்டத்து ஆட்கள் றோட்டுக் கேட்டிலிருந்து எண்ணுவார்கள். வண்டி வந்தது அதால், தேங்காய் போனதும் அதால். நாங்கள் கடலிலிருந்து எண்ணுவோம். தோணியில் வந்து இறங்கியவர்களுக்கு முதல் வரிசை அதுதானே. நானும் அப்படியே எண்ணி வளர்ந்தவள். வேறு மாதிரி எண்ணலாம் என்று தோன்றியதே இல்லை, நாலு வருடம் வரைபடம் படித்தும்.

மாமிக்குச் சொன்னேன். “அப்ப சேவயரத் தோணியில கூட்டிவா” என்று சிரித்தா. கோபம் போய்விட்டது. மிஸ்ஸிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 21, சனி

ஒன்றும் செய்யவில்லை. பங்களா வரை போய், மிஸ்ஸின் காரைப் பார்த்து, திரும்பி வந்தேன். பாண், பருப்பு, சீனி வாங்கினேன். சீனியை மறந்து கடையிலேயே விட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மிஸ் ஏசவில்லை. வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப எங்கட கடைசி வரிசைதான் உங்கட முதல் வரிசையா? இந்தத் தோட்டத்திலேயே பொறந்தன், இது எனக்குத் தெரியாதே.”

பி.ப. குத்தியைப் பிடுங்கி எங்கள் வரிசையில் அடித்தார்கள். மாமி ஒவ்வொன்றையும் காலால் ஆட்டிப் பார்த்தா.

போகும்போது மிஸ்: “ஹோட்டல்காரரிட்டயும் சொல்லிட்டன். பாதைய மறிக்க மாட்டம் எண்டவர். நல்ல மனுசன்.”

உம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தா. “ஹாஜியாரும் வாயாலதான் சொன்னார். அவர் இருந்தார், நாங்க அள்ளினம்” என்றா. பிறகு, “கறிக்குப் புளி போதுமா பாரு” என்றா.

குத்தியைப் பிடுங்க எவ்வளவு நேரம் எடுத்தது? தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

ஜூன் 23, திங்கள்

காற்றுக் குறைவு. வியாழக்கிழமை நொத்தாரிசிடம் காணி விற்கிற உறுதிப் பத்திரத்துக்குக் கையெழுத்து.

எழுதிய பக்கத்தைக் கொடுத்தேன். காடு வெட்டிய கூலிகளுக்கு ஒரு வரி, தோணியில் வந்தவர்களுக்கு ஒரு வரி சேர்த்திருந்தேன். மிஸ் மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தார். அந்த வரிகளை வெட்டச் சொல்லவில்லை. “வடிவா எழுதியிருக்கிறீங்க. வேற ஏதும் இரிக்கா?”

“இல்ல, மிஸ்.”

தேத்தண்ணி, பிஸ்கட். சலாம் சொல்லிப் புறப்பட்டேன். கேட்டைத் திறந்து, சாத்தி, திரும்ப நடந்தேன். மிஸ் கதிரையிலேயே இருந்தார். எனக்கு வாய் வந்தது.

“மிஸ், அந்தப் பாதையையும் கிணத்தையும் உறுதியில எழுதுங்க. வித்த பிறகு இல்ல. கையெழுத்து வைக்க முந்தி.”