பெடலில் இருந்த கால்

பிப்ரவரி 3

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஆம்புலன்ஸ் வண்டிகளோடு பேசுகிறவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவருடைய நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அழைப்பை எடுப்பதும் நாங்களே, ஆம்புலன்ஸுக்குச் சொல்வதும் நாங்களே. அதற்கென்று மேசைக்கு அடியில் ஆளுக்கொரு பெடல் வைத்துவிட்டார்கள். காலால் அழுத்தினால் நம் பேச்சு ஓட்டுநருக்குப் போகும், போன் செய்தவருக்கு ஒன்றும் கேட்காது. காலை எடுத்தால் மறுபடி அவருக்கு. தையற்கடை மாதிரி நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருக்கிறோம். துணி ஒன்றுதான் குறை.

இது இரண்டு பேர் வேலை சார் என்று மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. வீட்ல லேடீஸ் ஒரே நேரத்துல நாலு வேலை பாக்கறதில்லையா?" என்றார். பாராட்டுகிறாராம். இதை அவர் மனைவியிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 6

வீட்டுக்காரர் இன்று: "ஊர்ல எவனுக்கு மூச்சு முட்டினாலும் தேன் ஒழுகப் பேசற. என் சாக்ஸ் எங்கேன்னு கேட்டா மட்டும் எரிஞ்சு விழற."

உண்மைதான். கொண்டுபோகிற பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும்போது காலிப் பாத்திரம்தான் வருகிறது. சாக்ஸ் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே இருந்தது, அது வேறு விஷயம்.

பிப்ரவரி 11

மதியம் ஒரு அழைப்பு. தச்சு வேலைக்காரர். மனைவிக்கு மூச்சு வாங்குகிறது, உதடெல்லாம் நீலமாகிறது என்றார். விலாசத்தைத் தெளிவாகச் சொன்னார், அதுவே அபூர்வம். படுக்க வைக்காதீங்க, உட்கார வையுங்க, ஜன்னலைத் திறங்க என்றேன். பெடலை மிதித்து வண்டிக்குச் சொன்னேன். ஓட்டுநர் பாலம் வழியாகப் போகவா, சந்தை வழியாகப் போகவா என்று ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தார். மறு காதில் இவர் ஹலோ ஹலோ என்றார். அப்புறம் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

வண்டி போனபோது வீடு திறந்து கிடந்ததாம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததாம். பக்கத்து வீட்டுச் சரக்கு வேனில் மனைவியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பாலத்தில் எங்கள் வண்டியும் அந்த வேனும் எதிரும் புதிருமாகக் கடந்திருக்கின்றன. எங்கள் வண்டியில் ஆக்சிஜன் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில், வேனிலேயே, அந்தப் பெண் போய்விட்டாள்.

எங்களுக்கு எந்தக் கதையும் பாதிதான் வரும். வண்டி போய்ச் சேர்ந்ததும் இணைப்பு முடிந்துவிடும், பிழைத்தார்களா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது இத்தனை நாள் குறையாகத் தெரிந்தது. இன்று ஓட்டுநர் முழுக்கதையும் சொல்லிவிட்டார். கேட்டே இருக்க வேண்டாம்.

ஏன் வச்சான் அந்த ஆளு? வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னேனே. வச்சிடாதீங்கன்னு சொன்னேனே. ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா?

பிப்ரவரி 12

நேற்றிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தேன்.

பிப்ரவரி 15

பேப்பரில் போட்டுவிட்டார்கள். "கேள்வி மேல கேள்வி கேட்டாங்களே தவிர, வண்டி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அப்புறம் லைன்ல சத்தமே இல்லை." தச்சரின் பேட்டி. போட்டோவில் ஒரு சின்னப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லலையா? நானா சொல்லலை? ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ற வார்த்தை அது. தூக்கத்துலகூட சொல்றேன்னு வீட்டுக்காரரே கிண்டல் பண்ணுவார். பொண்டாட்டி செத்த துக்கத்துல வாய்க்கு வந்ததைச் சொல்றதா? விசாரணை வருகிறது. வரட்டும். பதிவு இருக்கிறது.

பிப்ரவரி 20

விசாரணை முடிந்தது. அதிகாரிகள் மூன்று பேர், பிஸ்கட் தட்டு ஒன்று. பதிவைப் போட்டார்கள். என் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது: "வண்டி கிளம்பிடுச்சு சார், வச்சிடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." அதற்குப் பிறகு அவர் குரல்: "ஹலோ, ஹலோ, மேடம் இருக்கீங்களா?" உடனே நான்: "இருக்கேன் சார், இருக்கேன்." அவர்: "ஹலோ?" முடிந்தது.

"இவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஒருவர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். வெளியே வந்ததும் மேற்பார்வையாளர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா" என்றார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அழுகை வந்தது. மாடிப்படி இறங்கினேன்.

பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

வண்டி கிளம்பிவிட்டது, நான் இருக்கிறேன் என்பது காதில் விழுந்திருந்தால், அடுத்த நொடியே இருக்கீங்களா என்று ஏன் கேட்கிறார்? இருக்கேன் என்ற பிறகும் ஹலோ என்றால் என்ன அர்த்தம்? அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. பதிவு என் வாய்க்கு முன்னால் இருக்கிற மைக்கிலிருந்து எடுக்கிறது. என் கால் எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது.

ஓட்டுநரிடம் பேசி முடித்ததும் காலை எடுத்தேனா? எடுத்திருப்பேன். எடுத்தேனா?

பிப்ரவரி 21

இன்று வேலை நேரம் முழுக்க என் காலையே கவனித்தேன். ஓட்டுநர் பேசிக்கொண்டே இருந்தால் கால் பெடலிலேயே தங்கிவிடுகிறது. அந்த நிலையிலேயே போன் செய்தவரிடம் பேசத் தொடங்கிவிடுகிறேன். இன்று மட்டும் இரண்டு முறை.

பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். நான் அவளைத் தந்தி என்றுதான் கூப்பிடுவேன், அலுவலகத்தில் எந்தச் சேதியும் முதலில் அவள் வாயில்தான் வரும். "எல்லாருக்கும்தான் ஆகுதுக்கா. அவங்க ஹலோ ஹலோன்னு கத்தினதும் காலை எடுத்துடுவேன்" என்றாள் சாதாரணமாக. அப்போ எல்லோருக்கும் தெரியும். பதிவைக் கேட்ட அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியாது. அவர்கள் யாரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரி 24

அலுவலகம் அறிக்கை கொடுத்திருக்கிறது. "காத்திருக்கும்படி தெளிவாக அறிவுறுத்தியும் அழைத்தவர் காத்திருக்கவில்லை." அதோடு, அவசரப்படாதீர்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை வேறு. நல்ல எழுத்து. எவனோ ஏசியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

தந்தி இன்னொரு சேதி சொன்னாள். அன்று போன ஓட்டுநரின் வீடு தச்சரின் தெருவில்தான். தச்சரின் மாமனார் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நேரே வந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். "ரெண்டு நிமிஷம் பொறுக்கத் தெரியாம என் பொண்ணைக் கொன்னுட்ட. பேத்தியை உன்கிட்ட விட மாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். தச்சர் பதில் பேசவில்லையாம். அவரும் அப்படித்தான் நம்புகிறார் போலிருக்கிறது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தோடு நான் ஜாம் ஜாமென்று வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 25

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் டிவி சத்தத்தைக் குறைத்தார். முழுக்கக் கேட்டார். அப்புறம், "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத. உன்னைத்தான் விட்டுட்டாங்கல்ல" என்றார்.

"அந்த ஆள் தன்னாலதான்னு நினைச்சுட்டு இருக்காருங்க."

"நீ சொன்னா செத்தவ வந்துடுவாளா?"

"செத்தவ வரமாட்டா. பொண்ணு வருவா."

டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

மார்ச் 1

மேற்பார்வையாளரிடம் போனேன். அந்த ஆளுக்குக் கேட்டிருக்க முடியாது சார், திருத்தி எழுதச் சொல்லுங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பெடல்னு சொன்னா ஏன் பெடல் வச்சீங்கன்னு கேப்பாங்க. ஆள் ஏன் போடலைன்னு கேப்பாங்க. அதையெல்லாம் கேட்டுட்டு, கடைசியில கால் யாரோடதுன்னு கேப்பாங்கம்மா. அங்கதான் வந்து நிப்பாங்க. நல்லா யோசிச்சுக்கோங்க."

மார்ச் 2

யோசித்தேன். கால் என்னுடையதுதான்.

மார்ச் 8

விடுப்பு போட்டுவிட்டுத் தச்சரின் கடைக்குப் போனேன். அலமாரிக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். அலமாரி செய்யணுமா என்று கேட்டார். அன்னைக்குப் போன்ல பேசினது நான்தான் என்றேன். திருப்புளியை நிறுத்தவில்லை. நான் பெடலைப் பற்றிச் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை சொன்னபோதுதான் அவருக்குப் புரிந்தது.

"அப்போ நீங்க பேசிட்டுதான் இருந்தீங்களா?"

"ஆமா சார். உங்களுக்குத்தான் கேக்கலை."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். வண்டி கிளம்பிடுச்சு சார், வச்சிடாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். என் குரல் தானாகவே வேலைக் குரலாக மாறிவிட்டது. கடையில் நின்று அதைச் சொல்ல அசிங்கமாக இருந்தது.

அவர் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க சொல்றாங்கன்னு அவ கேட்டா. லைன் செத்துப்போச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ எதுவும் பேசலை" என்றார்.

நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனவள், அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

"இதை எங்க மாமனார்கிட்ட வந்து சொல்வீங்களா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 9

சொன்னேன்.

கிரில் கதவைத் திறக்காமலேயே கேட்டார் பெரியவர். அந்தப் பெண் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், ஒரு பக்கம் மட்டும் பின்னியிருந்தது. நான் சொல்லி முடித்தேன். அப்புறம், "இத்தனை நாளா தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக. நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன். அதுவரை 'வாங்க போங்க' என்றவர் அதோடு மாறிவிட்டார்.

"மாப்பிள்ளையைச் சொன்னதெல்லாம் உன்னைச் சொல்லியிருக்கணும். உனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கா? காலை எங்க வச்சிருக்கோம்னுகூடத் தெரியாதவளை யாரு அந்த வேலைக்கு வச்சா? என் பொண்ணு போன அன்னைக்கு நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லி என்ன நல்ல பேர் வாங்கப் போகிறேன்? கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அத்தனையும் கேட்டேன். அலுவலகத்தில் தினமும் கேட்கிற வசவு இல்லை இது, அவை யாருக்கோ சொல்வது. இது எனக்கே எனக்கு.

நான் நிற்கும்போதே போனை எடுத்தார். "மாப்பிள்ளை, சாயங்காலம் வாங்க. பாப்பா தேடறா" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 17

பணியிடை நீக்கம். "கவனக்குறைவு, மற்றும் அனுமதியின்றி வெளியாட்களிடம் தகவல் தெரிவித்தல்." இரண்டாவதுதான் பெரிய குற்றம் போல, அதற்குத் தனிப் பத்தி.

தந்தி போன் செய்தாள். காலி நாற்காலிக்கு இன்று ஆள் போட்டுவிட்டார்களாம், பெடலையெல்லாம் கழற்றிவிட்டார்களாம். "உங்க புண்ணியம்க்கா" என்றாள். ஒரு உயிரும் என் வேலையும் போன பிறகு ஒரு நாற்காலிக்கு ஆள் வந்திருக்கிறது. சிரிப்புதான் வருகிறது.

மார்ச் 30

காய்கறி வாங்கும் இடத்தில் யாரோ ஒருத்தி மயங்கி விழுந்தாள். எல்லோரும் போனை எடுத்தார்கள். நான் கையைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4

நோட்டீஸ் வந்திருக்கிறது. அலுவலகத்தின் மீதும் என் மீதும் வழக்கு. கீழே இரண்டு கையெழுத்து: தச்சர், அவர் மாமனார். ஒன்றன்கீழ் ஒன்றாக.

வீட்டுக்காரர் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "நுணலும் தன் வாயால் கெடும்" என்றார். இந்தத் தடவை டிவியைப் போடவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம், "வக்கீல் யாராவது பாக்கணும்ல" என்றார்.

எனக்குக் கசப்பு இல்லை என்று எழுத முடியாது. நானாகப் போய்ச் சொல்லாவிட்டால் அவர்கள் கையில் ஒரு துரும்புகூட இருந்திருக்காது. அலுவலகம் பெரிய வக்கீலை வைக்கும். எல்லாம் என் கால்தான் என்று சொல்லிக் கழன்றுகொள்ளும். ஒரு நன்றி வேண்டாம், என்னை விட்டுத் தொலைத்திருக்கலாம். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் விட்டிருப்பேனா? மாட்டேன்.

ஏப்ரல் 24

இன்று நீதிமன்றத்தில் முதல் விசாரணை. சீக்கிரமே போய்விட்டோம். நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சுகள். எதிர்ப் பெஞ்சில் அவர்கள்.

தச்சர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் திருப்பிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இருவரும் ஒரே டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். மாமனார் ஏதோ சொல்ல, மருமகன் சரிங்க மாமா என்றார். என்னைப் பற்றித்தான் இருக்கும். என் மேல் இருக்கிற கோபத்தில் அவர்களுக்குள் ஒரு சண்டை மிச்சமில்லை.

எங்கள் முறை வர நேரமாயிற்று. அந்தப் பெண் அப்பா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் பின்னியிருந்தது. கால்கள் பெஞ்சுக்கு வெளியே தொங்கின. தாத்தா அவற்றை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் விழித்துவிடாமல் செருப்புச் சத்தத்தைக் குறைத்து நடந்து உள்ளே போனேன்.