வெட்ட மனம் வராத பிஞ்சு

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் பூசணிக் கொடியின் பச்சை மணம் விரல்களை விட்டுப் போகவில்லை. அந்த மணத்தோடுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன போகத்தில், விவசாயக் கண்காட்சிக்குப் பெரிய பூசணி வளர்ப்போம் என்று தொடங்கியவள் நீ. நிலம் என்னுடையது, வேலிக்கு அப்பால் நின்று அதிகாரம் பண்ணுவது உன் வேலை. இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிய உனக்கு மண்ணில் கை வைக்காமல் இருக்க முடியாது. பக்கக்கொடிகளின் நுனியைக் கிள்ளினோம்; கணுக்களுக்கு மண் அணைத்து வேர்விடச் செய்தோம். கிள்ளிய கொழுந்தெல்லாம் இரண்டு வீட்டிலும் சோற்றுக்குத் தேங்காய்ப்பூ போட்ட வறையானது.

தாய்க்கொடியில் மூன்று பிஞ்சுகள் பிடித்தன. நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகிவிடும் என்று, சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு நடுவில் இருந்ததைக் காட்டினாய்.

"இதை விட்டிட்டு மற்ற ரெண்டையும் வெட்டு. எல்லாத்துக்கும் சோறு போட்டா ஒண்டும் கொழுக்காது."

நான் ஒன்றைத்தான் வெட்டினேன். மற்றதை இலைகளால் மூடிவிட்டு, இரண்டையும் வெட்டியாயிற்று என்று பொய் சொன்னேன். இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனையோ பேரை விட்டுவிட்டு வந்தவள் நான். உயிர் பிடித்து நிற்கும் ஒன்றைக் கத்தியால் தொட முடியவில்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கையில் எங்கள் காய் ஒரு குடத்தளவில் நின்றுவிட்டது. சந்தேகப்பட்டு இலைகளை விலக்கினாய். அங்கே அதேயளவில் இன்னொன்று.

"இதென்னடி, பெத்த பிள்ளை மாதிரி ஒளிச்சு வச்சு வளர்த்தனியோ?"

"வெட்ட மனம் வரேல்லை."

நீ சிரித்தாய். பிறகு பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாய். "முதலே சொல்லியிருக்கலாமே. நான் வெட்டியிருப்பன். நீ அங்கால திரும்பி நிண்டிருக்கலாம்."

கண்காட்சிக்கு நாங்கள் போகவில்லை. இந்தப் போகத்துக்கு விதை போடுமுன் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் காய்களிலிருந்து நீ எடுத்து வைத்த விதையைத்தான் நட்டேன். நான்கு பிஞ்சுகள் பிடித்தன. மூன்று நாளாகக் கத்தியோடு போய், வெட்டாமலே திரும்பி வந்தேன். இன்று காலை உன் தங்கச்சி வேலியடியில் நின்றாள்.

"என்னக்கா, கத்தியோட உலாவுறியள்?"

முன்பென்றால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

"வெட்டப் பயமாக் கிடக்கு. பக்கத்தில வந்து நில்லன்."

வந்து நின்றாள். மூன்றையும் வெட்டினேன், கண்ணை மூடாமல். காம்பில் கசிந்த நீர் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. விட்ட பிஞ்சுக்குக் கீழே இரண்டு பேருமாக வைக்கோல் பரப்பினோம். அது பெருத்தாலும் இடம் போதும்படி, நல்ல அகலமாக.