நெடில் இல்லாத முத்திரை

ஆறு வற்றாதிருக்க, அரசு வழுவாதிருக்க. மருதவாய் நாட்டைக் காத்தருளும் பேரரசி பெருங்கோ நங்கையார் ஆணைப்படி, அவர்தம் அவையில் பதினெட்டு ஆண்டு அமர்ந்த கொற்றங்கீரன் எழுதுவிக்கும் ஓலை. இதனைக் காண்க தேன்குன்ற நாட்டு வேந்தர், ஒன்பது மலைக்கு அதிபர், சேந்தன் உதியனார். தங்கள் மலையில் தேன் குறையாதிருக்க. தங்கள் கொல்லர்க்கும் வணிகர்க்கும் இனியேனும் வெட்கம் உண்டாகுக.

மருதவாயின் நிலம் மேடு பள்ளம் அற்றது என்பதைத் தங்கள் ஒற்றர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள். ஆகவே இங்கே ஓலை சுமப்பவர்கள் ஒற்றைப் பல்சக்கரம் பூட்டிய மிதிவண்டியையே விரும்புகிறார்கள். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று என ஏழெட்டுப் பல்சக்கரம் கொண்ட வண்டி, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் வலம் வர ஆகும். நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவர்க்கு அதன் விலையும் எட்டாது. பழுதானால் கொல்லன் வாசலில் காத்துக் கிடக்க நேரமும் இராது. ஓலைக்காரர் தம் வண்டியைத் தாமே வாங்க வேண்டும் என்பது இந்நாட்டு முறை. எனவே அவர்கள் வண்ணம் பார்ப்பதில்லை, மணியோசை பார்ப்பதில்லை. வண்டியைக் குப்புறத் திருப்பி, எந்நாட்டில் செய்தது என்று அடிச்சட்டத்தில் பொறித்த முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அவ்வாறு பார்த்தவள்தான் ஓலைக்காரி பூவணத்தி. ஆற்றின் அக்கரையில் குடியிருந்து அரண்மனைக்கு அரைக் காதம் மிதித்து வருபவள். மருதவாய்க் கொல்லர் செய்த வண்டி உடையாது. ஆனால் அதைப் பாலத்துப் படிகளில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். தெற்கே உள்ள வேறு நாடான தென்குன்றத்தார் செய்தது எடை குறைவு, பற்றவைப்பு சுத்தம், விலையும் ஓர் ஓலைக்காரிக்குக் கட்டுப்படியாகும். தேன்குன்றத்தில் செய்ததோ, முகத்துக்கு நேரே சொல்வதில் தயக்கமில்லை, வண்ணம் பூசிய குப்பை. தங்கள் வணிகர் கொண்டுவந்து நிறுத்திய வண்டியின் அடியில் அவள் படித்தது தென்குன்றம் என்று. வாங்கினாள்.

பதினோராம் நாள் காலை, மடையை அடைக்கச் சொல்லும் அரச ஓலையோடு அவள் பாலத்தில் வருகையில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கவை கரும்பை ஒடித்தாற்போல் இரண்டாயிற்று. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டுக் கல்லில் விழுந்தாள். முன்பற்கள் இரண்டு போயின. ஓலைப்பை ஆற்றில் விழுந்தது. வாயில் இரத்தத்தோடு நண்பகல் வரை முங்கி முங்கித் தேடினாள். பை கிடைத்தது, ஓலை கிடைக்கவில்லை. மடை திறந்தே கிடக்க, மூன்று ஊர் நாற்றங்கால் அழுகிப்போனது. தன் பிழையால் அரச ஓலை தொலையக் காரணமானவர் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, வாழ்நாளில் மறுபடி ஓலையைத் தொடலாகாது என்பது இங்குள்ள சட்டம். வில்லை என்பது அரசப்பணியாளர் மார்பில் அணியும் செப்புத் தகடு. பூவணத்திக்கு அதுதான் சோறு.

விசாரணைக்குத் தங்கள் தூதர் பட்டாடை உடுத்தி வந்தார். அவர் மொழிந்ததாவது: முத்திரையில் பொய் இல்லை, அதில் பொறித்திருப்பது தேன்குன்றமே, புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம், தேன் என்பதைத் தென் என்று படித்தது படித்தவள் பிழை. இதைச் சொல்லிவிட்டுப் புன்னகையும் செய்தார். வேந்தரே, ஏடு கிழியும் என்பது உண்மை. இரும்பு கிழியுமா? தங்கள் மெய்க்கீர்த்தியைக் கல்லில் வெட்டும்போது மட்டும் ஒரு நெடிலும் தவறுவதில்லையே. மிதிவண்டியின் அடியில் பொறிக்கும்போதுதான் தங்கள் உளிக்கு இத்தனை சிக்கனம் வந்துவிடுகிறது.

இதுவரை சொல்லிவந்தபோது கொற்றங்கீரனுக்கு நா தடையின்றி ஓடியது. இனிச் சொல்ல வேண்டியதில் நாக் கூசுகிறது. ஆயினும் ஒன்றையும் மறைக்கலாகாது என்பது பேரரசியார் ஆணை.

பூவணத்தி, பல் போன வாயில் சொற்கள் குழற, தன் பக்கத்தைச் சொன்னாள். முத்திரையைக் கண்டதும் அவளுக்கு ஐயம் வந்ததாம். சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தாளாம். ஓசை மனத்துக்குப் பிடிக்கவில்லையாம். இது தேன்குன்றமாக இருக்குமோ என்று வணிகனிடம் கேட்டாளாம். தென்குன்ற வண்டிகள் வந்துள்ளன, அஞ்சாது கொள்க என்று உங்கள் அமைச்சரே முரசறைவித்தாரே, நீ அவரைவிடப் படித்தவளோ என்று அவன் சிரித்தானாம். அமைச்சர் படித்ததற்கு மேல் தான் என்ன படித்துவிடப் போகிறோம் என்று வாங்கிவிட்டாளாம்.

அவை முழுதும் திரும்பி ஒருவனைப் பார்த்தது. சுங்கவாயிலில் தங்கள் வணிகர் நீட்டிய ஓலையை முதலில் படித்தவன் அமைச்சன் கொற்றங்கீரன். நல்ல நாட்டுச் சரக்கு மலிவாக வருகிறது என்ற மகிழ்ச்சியில் தென் என்று படித்து, ஒரு வண்டியைக்கூடத் தட்டிப் பாராமல் உள்ளே விட்டவனும் அவனே. பூவணத்தியின் வில்லையைக் கழற்றுக என்று அன்று காலை ஆணை எழுதி வைத்திருந்தவனும் அவனே. பேரரசியார் அந்த ஆணையை வாங்கிப் படித்தார். ஆணை சரியாகவே இருக்கிறது, பெயர் மட்டும் பிழை என்றார். பூவணத்தி என்ற பெயரைச் சுரண்டிவிட்டு, அவ்விடத்தில் கொற்றங்கீரன் என்று எழுதச் செய்தார்.

ஆகையால் தேன்குன்ற வேந்தர் அறிக. தங்கள் நாட்டு முத்திரையில் கொம்பும் புள்ளியும் ஐயமறப் பொறிக்கப்படும் வரை மருதவாயின் சுங்கவாயில் தங்கள் சரக்குக்குத் திறவாது. விற்ற வண்டிகள் அனைத்தையும் தங்கள் செலவில் தாங்களே வந்து அள்ளிச் செல்க. அழுகிய நாற்றுக்கு ஈடாக, நடவுக்கு முன் மூன்று ஊர்க்கும் நாற்று வந்து சேர்க. தங்கள் தூதர் கால்நடையாகத் திரும்ப வேண்டாம் என்று கருதி, தங்கள் கொல்லர் செய்த வண்டி ஒன்றிலேயே ஏற்றி அனுப்பியாயிற்று. மலையிறக்கங்களைக் கடந்து அவர் முழுதாக வந்து சேர்ந்தால் பெரிதும் மகிழ்வோம்.

இவ்வோலையைக் கொண்டுவருபவள் பூவணத்தி, வில்லை அணிந்து வருகிறாள். மறுமொழியை அவள் கையிலேயே தருக. ஓலையில் பேரரசியார் முத்திரை உள்ளது. அமைச்சன் முத்திரை எங்கே என்று தேட வேண்டாம். இதனைச் சொன்னவன் கொற்றங்கீரன். எழுதியது வேறு கை. அவன் இந்த ஏட்டைத் தொடவில்லை. இனி எந்த ஏட்டையும் தொடமாட்டான்.