திருவரங்குளத்தில் கிடைக்காத சிகரெட்

ஐப்பசி 14, செவ்வாய்.

சிகரெட்டை விட்டு இன்றோடு பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்தது இரண்டாகிவிட்டது. கை சிகரெட்டைத் தேடும்போதெல்லாம் கண்டக்டர் செல்வம் கடலை மிட்டாயை நீட்டுகிறான்.

பஸ் நின்றால் டிரைவருக்கு டீயும் சிகரெட்டும் ஓசியில் தருவது எங்கள் லைன் கடைகளில் வழக்கம். இப்போது டீ மட்டும்தான் வருகிறது, அதுவும் அரை கிளாஸ். நான் சொல்லாமலே இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

இன்று தாங்க முடியவில்லை. திருவரங்குளத்தில் இறங்கிப்போய் காசு கொடுத்தே ஒன்று கேட்டேன். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேணாம் டிரைவரே. ஒங்க வீட்டம்மா இங்கிட்டு வந்து என்ன அழுகை அழுதாங்க! நெஞ்சுல கட்டி மாதிரி தெரியுதாம்ல? நல்லபடியா ஆயிரும், போங்க."

இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் வெறும் சளிதான் என்று என் மனைவி மல்லிகா என்னிடம் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட்டை வாங்கி வந்தவள் அவள்தான். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் பஸ்ஸை எப்படி ஓட்டினேனோ. வழியெல்லாம் கடைக்காரர்கள் கையசைத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சுக்குக் காபியை நீட்டி, "இன்னைக்கும் சிகரெட்டத் தொடலைல்லங்க?" என்றாள்.

"தொடலை."

முகம் அப்படி மலர்ந்தது. அதைப் பார்த்தபின் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரிப்போர்ட் பீரோவில்தான் இருக்கும். சாவி அவள் தலைமாட்டில். இருமல் வருகிறது, அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். நான் தொண்டையைச் செருமும்போதெல்லாம் அவள் மூச்சு நின்று நின்று வருகிறது.