அப்பாவின் பாதத்தில் பூசியதெல்லாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறதா? இங்கே நானும் தம்பியும் சுகம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாமல் உட்கார்ந்து படி, இப்போது நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். மாடிக் குழாய் ஒழுகுவது ஒரு வழியாக நின்றது, தம்பி புதிதாக முளைத்த மீசையைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியைத் தேய்க்கிறான், வேறு விசேஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், கையில கொதிக்கிற தண்ணி பட்டுடுச்சும்மா, பேஸ்ட்டைத் தடவிட்டேன், ஜில்லுனு இருக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை கண்ணு, குமட்டல். அந்தப் புதினா வாசனை போன் வழியாகவே வந்து மூக்கில் ஏறிவிட்டது. ஏன் என்று சொல்லாவிட்டால் நீ திரும்பவும் அதையே செய்வாய், அதனால்தான் அப்பா சொல்லாதே சொல்லாதே என்று என் வாயைக் கட்டி வைத்திருந்ததை இன்று அவிழ்க்கிறேன்.

மூன்று மாதம் முன்பு, அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது என்று இரண்டு வாரம் உன்னிடம் சொன்னேனே, அது பொய். அவர் சமைக்கிற விடுதியில் காலை பதினொரு மணிக்கு எண்ணெய்ச் சட்டியின் பிடி கழன்று, காய்ந்த எண்ணெய் அப்படியே இடது கால் ஷூவுக்குள் இறங்கிவிட்டது. பிடி ஆடுகிறது என்று அவர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது, மேனேஜர் கம்பியைச் சுற்றிக் கொடுத்திருந்தான். ஷூவையும் சாக்ஸையும் உருவியதும் பாத்திரம் தேய்க்கிற அக்கா, எப்போதும் சத்தமாகப் பேசுவதால் சத்தக்கா என்று கூப்பிடுவோமே, அவள் குழாயைத் திறந்துவிட்டு, காலை இங்க கொண்டாங்க, தண்ணியில காட்டுங்க என்று கத்தியிருக்கிறாள். தண்ணி பட்டா கொப்புளம் போடும், உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு என்று மேனேஜர் அவள் வாயை அடைத்துவிட்டான். பிறகு அந்த மேதாவி மீன் போட்டு வைக்கிற பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி வந்து காலில் கொட்டினான். செதிலும் ரத்தமும் ஒட்டின ஐஸ். அதன்மேல் வெண்ணெய். அதன்மேல் யாரோ முட்டை வெள்ளைக்கரு. அதோடு விட்டானா, மத்தியானச் சாப்பாடு முடியட்டும் என்று அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து மற்றவர்களுக்கு உப்பு காரம் சொல்லச் சொன்னானாம். மனுஷனா அவன்?

எனக்குச் சொல்லி அனுப்பியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தையல்கடையில் பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன், பெரியப்பாவும் பின்னாலேயே வந்தார். கால் கொழகொழவென்று வழிகிறது, மீன்வாடை, ஈ மொய்க்கிறது. அப்போதாவது கழுவத் தோன்றியதா எனக்கு? கைக்குட்டையால் வழித்துப் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றிச் சிவந்து கொப்புளம், அங்கே விரல் பட்டதும் அப்பா அலறிவிட்டார். பாதத்தின் மேலே உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. இங்க வலிக்குதா என்றேன். இல்லையே, ஒண்ணுமே தெரியல என்றார். வலியே இல்லையாம், மேலாப்புலதான் பட்டிருக்கு, பேஸ்ட் போட்டா எரிச்சலையும் இழுத்துடும் என்றார் பெரியப்பா. எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். பேஸ்ட் ட்யூபை வாங்கிப் பிதுக்கியது நான் பாப்பா. வேறு யாருமில்லை.

அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தோம். மறுநாள் காலை கட்டில் பக்கம் போனால் ஒரு நாற்றம். கால் வீங்கி, அவர் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் முக்கால் மணி நேரம் அதையெல்லாம் கழுவினாள். பேஸ்ட் காய்ந்து சுவர்ப்பூச்சு மாதிரி இறுகியிருந்தது, அது வரும்போது தோலும் சேர்ந்து வந்தது. யார் இதையெல்லாம் பூசினது என்று கேட்டாள். பெரியப்பா தரையைப் பார்த்தார், நானும் தரையைப் பார்த்தேன். டாக்டர், வலிக்கிற இடம் பிழைச்சுக்கும்மா, வலிக்காத இடம்தான் ஆழமா வெந்தது, வலியைச் சொல்ற நரம்பே போயிடுச்சு என்றார். தண்ணி ஊத்தியிருக்கணுமா டாக்டர் என்று கேட்டேன். உடனே ஊத்தினாத்தான் முழுப் பலன், ஆனா மூணு மணி நேரத்துக்குள்ள எப்ப ஊத்தினாலும் கொஞ்சமாவது உதவியிருக்கும் என்றார். நான் போய்ச் சேர்ந்தது ஒன்றரை மணி நேரத்தில். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். மேனேஜர் பழப்பையோடு வந்து, முதலுதவியெல்லாம் நாங்க உடனே செஞ்சிட்டோம் என்று டாக்டரிடமே பெருமையடித்தான். அந்தப் பையைத் தொடக்கூட எனக்குக் கூசியது.

அதனால் கேட்டுக்கோ. சூடு பட்டால் உடனே குழாய்க்கு அடியில் பிடி, சாதாரணத் தண்ணி, ஐஸ் வேண்டாம், இருபது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துப் பிடி, ரெண்டு நிமிஷத்தில் ஜில்லென்று ஆனதும் எடுத்துவிடாதே. வீங்குவதற்கு முன் மோதிரம் வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடு, துணி தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதே. கொப்புளத்தைக் குத்தாதே. பிறகு சமையலறையில் சாப்பாடு மூடுகிற அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதைச் சுற்றாமல் மேலே படிய வை, இல்லாவிட்டால் சுத்தமான துணி, பஞ்சு கூடாது. பேஸ்ட், வெண்ணெய், மை, மாவு என்று எவன் எதைக் கொண்டுவந்தாலும் தள்ளிப் போகச் சொல். உன் உள்ளங்கையைவிடப் பெரிசாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு என்றாலோ, வெளுத்தோ கருகியோ வலிக்காமல் இருந்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. உன் கை இப்போது எப்படி இருக்கிறது? பட்டது கையில், அதனால் கொஞ்சமாக இருந்தாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை எழுதத்தான் கை வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் முதல் தடவை நான் கட்டுப் பிரித்தபோது, அந்த ஈரமும் மஞ்சள் கசிவும் பார்த்து எனக்கு வாந்தி முட்டியது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, நானே பாத்துக்கறேன், நீ போய்க் கடையைத் திற என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேனேஜரை, பெரியப்பாவை, எல்லோரையும் சீ சீ என்று திட்டித் தீர்த்தவள், அன்றைக்கு என்னை நினைத்து எனக்கே அருவருத்தது. கடை திறக்கவில்லை. போர்வையை விலக்கி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணை எடுக்காமல் கட்டினேன். அப்புறம் ஒரு நாளும் அவரைக் கட்ட விடவில்லை.

இப்போது தெருமுனை வரை போய் வருகிறார், விரல் அசைகிறது. வேறொரு சமையலறையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ ஒரு குறையும் இல்லாமல், கைகால் சுகத்தோடு நீண்ட நாள் இருக்கவேண்டும், அதுதான் எங்கள் ஆசி. லீவுக்கு வரும்போது வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு மறைப்பார், கழற்றச் சொல்லிப் பார். பார்க்கும்போது முகத்தை மட்டும் திருப்பாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா