கடைசிக் கவளம்

தம்பிக்கு,

உன் போன் வந்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று இனி யாரிடமும் சொல்லி அழாதே.

விழுங்கும்போது தொண்டையில் ஒரு சிறு மூடி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். நடுவில் சிரித்தால் அது திறந்து புரையேறிவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி விழுங்கப் பழக்குவதுதானே என் வேலை. “வாயில சாப்பாடு இருக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க”ன்னு தினமும் பத்துப் பேரிடம் கத்துகிறவள் நான்.

அன்று அப்பா வாயில் கடைசிக் கவளம் இருந்தது. போன் அடித்ததும் அதில் உன் படத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அவர் விழுங்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. எடுத்து அவர் காதில் வைத்தவள் நான்தான்.

பக்கவாதம் வந்து படுத்த ஏழு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அப்படி என்னடா சொன்னாய்? எனக்கும் ஒருமுறை சொல்லேன்.

உன் அக்கா