பூட்டிய கடையும் ஞாயிற்றுக்கிழமையும்

போஸ்னான், திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு யாகோதா எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் பேத்தி ஹேலாவுக்குப் பல் முளைக்கிறது.

வாராவாரம் சனிக்கிழமைதான் மளிகை வாங்குவோம். முந்தாநாள் அவளைத் தூங்கவைக்கப் படுத்த நாங்களும் தூங்கிப்போனோம். மறுநாள் பையோடு போன உன் மாப்பிள்ளை வித்தோல்ட், பெட்ரோல் பங்கில் வாங்கிய ரொட்டியோடு வந்தார்.

"ஞாயித்துக்கிழமைடி! சட்டப்படி கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு. இங்கேயே பொறந்து வளர்ந்த நமக்கே மறந்துபோச்சே!" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். ஞாயிறு மதியம் உன் மகள் வீட்டில் வழக்கமான கோழி சூப் இல்லை, அம்மா.

ஊறவைத்த வெள்ளரிக்காய் அனுப்பட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். கோழிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு நீயே ரயிலேறி வா. ஹேலா உன் மடியில் இருக்கட்டும்; நானும் அவரும் ஒரு தடவை சேர்ந்து கடைக்குப் போய்வருகிறோம்.

எழுந்துவிட்டாள், அழுகிறாள்.

யாகோதா